நான் ஊற்றிய நாலு அவுன்ஸ்

எனக்குக் கல்யாணம் ஆன ஆறாவது மாதம் என் கணவரின் முகம் பூரித்துக்கொண்டு வந்தது. அதை என் சமையலின் பெருமை என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், மைசூரில் எங்கள் சபைப் பெண்கள் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "மாப்பிள்ளைக்கு நல்லா உடம்பு வந்திருக்கே, என்னம்மா போட்டு வளக்கறே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியும் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. அந்த அரிசியில் ஒரு மனுஷனுக்குச் சதை பிடிக்கிறது என்றால் அது சமைக்கிறவளின் கைராசி இல்லாமல் வேறென்ன? நான் வெட்கப்படுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பில் அவருக்கு இன்னொரு துண்டு சேர்த்துப் போடுவேன்.

நான் ராமாபுரத்துக்காரி. மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மண்டி மொஹல்லாவில், மூட்டை ஏற்றிய வண்டி வந்தால் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில், இரண்டு அறை வீடு. வீட்டில் மூன்றே பேர். அவர், நான், அவருடைய அக்கா. அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாய் இறந்தபோது அவருக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதினாறு. தம்பியை வளர்த்து ஆளாக்குவதற்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். எனக்கு அவரைக் கண்டால் பயம். எனக்கு வாய் நீளம், ஊரில் பெயர் எடுத்தவள். ஆனால் அக்கா வீட்டுக்குள் வந்தால் என் குரல் தானாக இறங்கிவிடும்.

அந்தச் சமயத்தில் அக்கா கிராமங்களுக்கு அம்மை ஊசி போடப் போயிருந்தார். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தார். கையிலிருந்த டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உக்காருடா," என்றார். அவருடைய கால்சட்டையை மேலே தூக்கிவிட்டு, கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி.

"எத்தனை நாளா இந்த வீக்கம்?"

"வீக்கமில்லீங்கக்கா. உடம்பு வந்திருக்குது," என்றேன் நான்.

"உடம்பு வந்தா குழி விழாதும்மா." என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். பிறகு தம்பியிடம், "மூத்திரம் என்ன நிறத்துல போகுது?" என்று கேட்டார்.

எனக்குக் கூச்சத்தில் உயிரே போய்விட்டது. கட்டிய பெண்டாட்டி நான், அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு, "காப்பி டிகாக்ஷன் மாதிரி," என்றார். பத்து நாளாக அப்படி என்றார். அதற்கு முன்னால் ஒரு வாரம் அவருக்குத் தொண்டைப் புண். அந்தத் தொண்டையோடு வகுப்பில் கத்திவிட்டு வருவார், நான் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுப்பேன். தொண்டை சரியாகிவிட்டது, அதோடு தீர்ந்தது என்று இருந்தோம். தீரவில்லை, கீழே இறங்கியிருக்கிறது என்றார் அக்கா.

அன்று என் அடுப்பில் அக்கா செய்த காரியத்தை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, அதில் அவருடைய மூத்திரத்தைப் பாதி பிடித்து, இடுக்கியால் பிடித்துத் தணலில் காட்டினார். "அக்கா, அது சோறாக்குற அடுப்புங்க," என்று நான் கத்தியே விட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. குழாயில் இருந்தது கொதித்து, வேகவைத்த முட்டையின் வெள்ளைக் கரு மாதிரி கட்டிக்கொண்டது. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஜட்கா வண்டி கூப்பிடு," என்றார். சட்டை மாற்றக்கூட விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். டாக்டர் கன்னடக்காரர், ஆனால் எங்களோடு தமிழ் கலந்து பேசுவார். எனக்குப் புரியும்படி சொன்னார். "நோடம்மா, இவருக்குக் கிட்னி ரெண்டும் ஸ்ட்ரைக் பண்ணுது. உள்ளே போற தண்ணி வெளியே வரல. அதான் உடம்பெல்லாம் ஊறுது."

"மருந்து குடுங்க, சரியாகட்டும்," என்றேன். ஏதோ கடையில் சாமான் கேட்கிறவள் மாதிரி.

"இதைத் தொறக்குற மருந்து இல்லம்மா. தானாத் தொறக்கும். ரெண்டு வாரமோ மூணு வாரமோ, நெறைய பேருக்குத் தொறக்குது. அது வரைக்கும் உப்பு கூடாது, பருப்பு, மீன், கறி கூடாது, தண்ணி அளந்துதான். அவ்வளவுதான் வைத்தியம். ஸ்வல்ப தாளி."

கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். வெளிநாட்டில் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிற மிஷின் ஒன்றைப் பற்றிப் படித்ததாகவும், நம் பக்கம் அது வருவதற்குள் நம் காலம் முடிந்துவிடும் என்றும் சொல்லிச் சிரித்தார். நல்ல மனுஷன். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அளக்கிற முறை இதுதான். கட்டிலுக்கு அடியில் கோடு போட்ட ஒரு கண்ணாடி ஜாடி. காலையிலிருந்து மறுநாள் காலை வரை அவருக்குப் போகிற மூத்திரம் முழுவதும் அதில் சேர வேண்டும். அது எத்தனை அவுன்ஸோ, அதோடு பதினைந்து அவுன்ஸ் கூட்டி, அவ்வளவுதான் அன்றைக்கு அவர் குடிக்கலாம். கஞ்சி, பால், மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். வார்டில் முப்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ்கள். அக்காவுக்கோ பெண்கள் பக்கம் வேலை. அதனால் ஜாடியை என் பொறுப்பில் விட்டார். "நீ அளந்து சொல்லு, அவங்க சார்ட்ல எழுதிப்பாங்க. சிந்தாம சிதறாமப் பாத்துக்கோ. இவன் உயிர் இந்த ஜாடியிலதான் இருக்கு," என்றார். இவ்வளவு தெளிவாகத்தான் சொன்னார். எனக்குத் தெரியாது, புரியவில்லை என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

முதல் நாள் ஆறு அவுன்ஸ். இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள் திரும்ப ஆறு. பங்குனி வெயில் தகரக் கூரையில் இறங்கி வார்டு கொதிக்கும். உப்பில்லாத கஞ்சியை அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். நானும் அதையே குடித்தேன். "உனக்கென்ன தலையெழுத்து, நீ உப்புப் போட்டுச் சாப்பிடு, அப்பத்தான் கோபம் வரும்," என்று கிண்டல் பண்ணுவார். தாகத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நாக்கு வெடித்துத் தடித்துப் போயிற்று. ஈரப் பஞ்சை உதட்டில் வைத்தால் அதைப் பல்லால் கவ்விப் பிழிந்துவிடுவார்.

நாலாம் நாள் வாய் கொப்பளிக்க ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். துப்புவதற்குப் பதிலாக மடக்கென்று விழுங்கிவிட்டார். நான் பார்த்துவிட்டேன். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "ஏனுங்க, சின்னக் கொழந்தையா நீங்க? திருட்டுத்தனமாக் குடிச்சுச் சாகோணும்னு இருக்குதா? நாலு எழுத்துப் படிச்ச வாத்தியாருக்கு வெட்கமா இல்லீங்களா?" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரிடம் படித்த ஒரு பையனின் தகப்பனாரும் அந்த வார்டில் இருந்தார். என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது.

என் வாயில் மண்ணைப் போட. ஆறு மாதத்தில் அந்த மனுஷன் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. என் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஜாடியில் ஆறு அவுன்ஸ் இருந்தது. கூஜாவிலிருந்து நாலு அவுன்ஸ் தண்ணீரை அதில் ஊற்றினேன். நர்ஸ் வந்து கேட்டபோது, "பத்துங்க," என்றேன். அன்று அவருக்கு நாலு அவுன்ஸ் தண்ணீர் கூடுதலாகக் கிடைத்தது. அரை தம்ளர். அரை தம்ளர் தண்ணீர் ஒரு மனுஷனை என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன். சொட்டு சொட்டாக, கண்ணை மூடிக்கொண்டு அவர் குடித்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஊற்றியது அவருக்குத் தெரியும். "என்ன, கிட்னிக்கு இரக்கம் வந்துடுச்சா?" என்று கேட்டு என்னைப் பார்த்தார். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எட்டு அவுன்ஸ் ஊற்றினேன். அதற்கடுத்த நாள் பன்னிரண்டு. கை பழகிவிட்டது. நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ஜாடியிலிருந்து தினமும் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சிப் பார்ப்பார்களே, அதில் வெள்ளை குறைந்துகொண்டே வந்தது. தண்ணீர் கலந்தால் குறையாமல் என்ன செய்யும்? டாக்டர் அந்தக் குழாயை ஜன்னலுக்குக் கொண்டுபோய், கூட வந்த மாணவர்களிடம் காட்டி, "தெளியுது பாருங்க. தொறக்குது," என்றார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அப்போது எனக்கு வந்தது பயம் இல்லை. ஆனந்தம். ஊற்றினவளே நம்பினேன். நிஜமாகவே திறந்திருக்கும், நான் ஊற்றியது அதோடு சேர்ந்திருக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி ஒரு முட்டாள் எந்த ஊரிலாவது இருப்பாளா?

சனிக்கிழமை ஜாடி இருபத்து நாலு என்று சொன்னேன். அக்கா வேலை முடிந்து நேராக ஐயர் வீட்டுக்கு, எங்கள் போதகர் வீட்டுக்குப் போய், ஸ்தோத்திரப் பிரார்த்தனைக்குச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் சபையில் வியாதி தீர்ந்தால் ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லி நன்றி செலுத்துவது வழக்கம். பெரும்பாலும் ஆள் எழுந்து நடந்த பிறகுதான் செய்வார்கள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில், துணைக்கு இன்னொரு நர்ஸைத் தம்பி பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

ஐயர் அவர் பெயரைப் படித்தார். கடும் வியாதியிலிருந்து சுகம் பெற்று வரும் நம் சகோதரருக்காக என்றார். சபை முழுவதும் எழுந்து நின்றது. அக்கா என் பக்கத்தில் நின்று பாடினார். கண்ணீர் கழுத்து வரை வழிந்தது, துடைக்கவில்லை. யாருக்கும் முன்னால் அழாதவர் அவர். காலையில் நாங்கள் கிளம்பும்போது என் கணவருடைய செருப்பு வார் காலில் ஏறாமல் நான் பிரித்து வைத்ததும், பேசும்போது அவர் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கியதும் அங்கே நின்றபடிதான் எனக்கு உறைத்தது. சொல்லிவிட வேண்டும் என்று அக்காவின் கையைத் தொட்டேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்து, "நீ பாத்துக்கிட்டதாலதான்ம்மா," என்றார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. ஒரு நாள் போயிற்று.

திங்கட்கிழமை காலை அவரால் படுக்க முடியவில்லை. மூன்று தலையணை வைத்துச் சாய்த்திருந்தோம். வயிறு உப்பியிருந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. டாக்டர் சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு வெளியே போகுது, ஆனா வீக்கம் ஏறுது. எப்படி?" என்று சார்ட்டையே கேட்டார். பிறகு, இனிமேல் தண்ணீரை இவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டாம், இதயத்துக்கு மருந்து போடுவோம் என்று எழுதப் போனார்.

நான் வராந்தாவுக்கு ஓடினேன். பெண்கள் வார்டு வாசலில் அக்கா நின்றிருந்தார். "அக்கா, ஜாடியில நான் தண்ணி ஊத்துனேனுங்க," என்றேன்.

"எப்ப?"

"அஞ்சாறு நாளாவே. அவரு தண்ணி தண்ணினு துடிச்சாருங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். கையிலிருந்த தட்டைச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு, நேராக டாக்டரிடம் நடந்தார். டாக்டர் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்து அந்த ஆறு நாளின் எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். என்னைத் திட்டவில்லை. கட்டிலில் இருந்தவர்தான் மூச்சுக்கு நடுவில், "நான்தான் கேட்டேன்... அவளை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார். பொய். அவர் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து ஜாடி அக்காவின் கைக்குப் போயிற்று. லீவு போட்டுவிட்டுக் கட்டிலோடு இருந்தார். நெஞ்சின் பாரம் குறையட்டும் என்று கையில் ஊசி குத்தி ரத்தத்தை வெளியே எடுத்தார்கள். சூடான கம்பளியைச் சுற்றி வேர்க்க வைத்தார்கள். நாளைக்குப் பதினைந்து அவுன்ஸுக்கு மேல் ஒரு சொட்டு இல்லை. செவ்வாயும் புதனும் ஜாடியில் ஐந்து, நாலு. அக்கா என்னோடு பேசினார், பேசாமல் இல்லை. "பஞ்சு எடு", "தலையைத் தூக்கு" என்று. முகம் பார்த்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா முகம் கழுவப் போயிருந்த நேரம் அவருக்கு மூத்திரம் வந்தது. நான்தான் பிடித்தேன். நிற்கவே இல்லை, வந்துகொண்டே இருந்தது. ஒரே தடவையில் பன்னிரண்டு அவுன்ஸ். அக்கா திரும்பி வந்ததும் ஜாடியைத் தூக்கிக் காட்டினேன். அக்கா ஜாடியைப் பார்த்தார், பக்கத்திலிருந்த கூஜாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இதுலயும் ஊத்தினியா?"

"சத்தியமா இல்லீங்கக்கா. வேதத்து மேல கை வெச்சுச் சொல்றேனுங்க."

"உன் சத்தியத்தை நீயே வச்சுக்கோ," என்று ஜாடியை வாங்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். சார்ட்டில் எதுவும் எழுதவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு எந்த வாயும் இல்லை. கட்டிலில் இருந்தவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார், இருமல் வந்து அடைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா கண் முன்னாலேயே திரும்ப வந்தது. அக்கா தன் கையாலேயே பிடித்தார். ஜாடியின் முக்கால் அளவு வந்துவிட்டது. நிறம்கூட மாறியிருந்தது, டிகாக்ஷன் போய் வெறும் மஞ்சள். அக்கா ஜாடியைத் தரையில் வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "தொறந்துடுச்சுடா," என்று தம்பியிடம் சொன்னார். அவருக்குக் காது கேட்டிருக்கும். கண்ணைத் திறந்து பார்த்தார். ஆனால் நெஞ்சில் நிறைந்த தண்ணீர் ஐந்து நாளில் இதயத்தை அடித்துப் போட்டுவிட்டது. பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. அவருக்கு இருபத்தெட்டு வயது.

டாக்டர் வந்து போர்வையை நெஞ்சு வரை இழுத்து மூடினார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "நான் ஊத்தாம இருந்திருந்தாப் பொழைச்சிருப்பாரா? சொல்லுங்க," என்று கேட்டேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, "அதெல்லாம் யாராலும் சொல்ல முடியாதம்மா. ரொம்பக் கெட்டிருந்தது. மனசை விடாதே," என்றார். கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்கா தம்பியின் தலையைச் சீவிக்கொண்டிருந்தார். வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் படிய வாரி, சீப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"டாக்டர் நல்லவர், அப்படித்தான் சொல்லுவார். நான் சொல்றேன் கேட்டுக்கோ. இருந்திருப்பான்."

கோபமாகச் சொல்லவில்லை. மருந்து எத்தனை வேளை என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் நானும் அக்காவும் அந்த மண்டி மொஹல்லா வீட்டில்தான் இருந்தோம். எனக்கும் அவருக்கும் வேறு யார் இருந்தார்கள்? என்னை நர்ஸ் வேலைக்குப் படிக்க வைத்தது அவர். எனக்கு டைபாய்டு வந்தபோது மூன்று வாரம் கண் மூடாமல் பார்த்துக்கொண்டவர் அவர். கடைசியில் அவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினவள் நான். அந்த வார்த்தையை அவர் இன்னொரு முறை சொன்னதில்லை. ஒரு முறைகூட, அது அப்படி இல்லை என்றும் சொன்னதில்லை.